மழைக்கு முன் போட வேண்டிய ஊசி

1

இந்த மே மாத முதல் வாரத்தோடு நான் யாங்கோன் வந்து இன்னோர் ஆண்டு நிறைந்தது. ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் "அங்கே எப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் திணறுவேன். தேதியைக் கேட்டால் திணற மாட்டேன். பர்மாவுக்குப் போன கப்பல்களைப் பற்றிப் படித்துவிட்டு விமானத்தில் வந்து இறங்கிய நாள், தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நாள், மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதைக்குப் பக்கத்து வீட்டில் பால் காய்ச்சிய நாள் எல்லாம் நினைவில் இருக்கின்றன. வந்த நாளை மறக்க முடியாமல் செய்வதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆண்டுதோறும் அதே வாரத்தில்தான் தன்லியினில் என் மச்சான் செல்வத்தின் மாடுகளுக்கு ஊசி போடுகிறேன்.

செல்வம் என் மனைவி சரோஜாவின் அண்ணன். அவருடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். பேரன் பாகோ ஆற்றுப் பாலத்துக்கு அப்பால், தொழிற்சாலைகளைத் தாண்டி, மாடு கொழுக்க வைக்கும் கொட்டகை நடத்துகிறார். வறண்ட வடக்கிலிருந்து, உழுது ஓய்ந்த எலும்பும் தோலுமான காளைகள் லாரியில் வரும். தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, பயற்றம் பொட்டு என்று சில மாதங்கள் கட்டிப்போட்டுத் தீனி கொடுப்பார். உடம்பு பிடித்ததும் வியாபாரி வந்து ஏற்றிப் போவான். எங்கே என்று நான் கேட்பதில்லை.

"மாப்ளே, நீங்க ஊசிய மட்டும் போடுங்க. பாவத்த நான் பாத்துக்கறேன்" என்பார் மச்சான்.

லாரியில் நின்றபடி பயணம் செய்த மாடு, புதிய தண்ணீர், நெருக்கமான கொட்டகை, அதன்மேல் முதல் மழை. இந்த நான்கும் சேர்ந்தால் தொண்டையிலேயே சும்மா கிடந்த கிருமி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். காலையில் தீனி தின்னாது. மதியம் மூச்சு இரையும், கழுத்து வீங்கும். மறுநாள் மாடு இருக்காது. நம் ஊரில் தொண்டை அடைப்பான் என்போம். போன மழைக்காலத்தில் மட்டும் மச்சான் ஊசி வேண்டாமென்று விட்டுவிட்டார். வடக்கிலேயே போட்டுத்தான் அனுப்புகிறோம் என்று தரகன் சொன்னதை நம்பிவிட்டார். கொட்டகையில் பாதி போய்விட்டது.

"இன்னொரு தரம் அப்படி ஆச்சுன்னா கொட்டாய மூடிட்டு, பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கப் போயிருவேன்" என்று தைப்பொங்கலுக்கு வந்தபோது சொன்னார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது, அன்று அவர் இரண்டாவது தடவை பொங்கல் கேட்காததிலிருந்து தெரிந்தது.

2

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று தமிழ்நாட்டிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவந்து தரும் தினசரி நாட்காட்டி. மற்றது பர்மிய நாட்காட்டி. ஊசி போடும் நாளை இரண்டையும் வைத்துத்தான் குறிக்க வேண்டும். மச்சான் அஷ்டமி, நவமி, அமாவாசை, பௌர்ணமி, செவ்வாய், கரிநாள் எல்லாம் பார்ப்பவர். கொட்டகையில் மாடு பிடிப்பவரின் பெயர் கோ தான்; அவர் பௌத்தர். உபோசதம் என்னும் நோன்பு நாளில் உயிருக்கு வலி தரும் எதிலும் கைவைக்க மாட்டார். இதில் ஒரு வசதி உண்டு. எட்டாம் பிறை, பௌர்ணமி, அமாவாசை ஆகிய நாட்கள் இருவருக்குமே ஆகாது. மதம் வேறானாலும் நிலா ஒன்றுதான். மற்ற நாட்களைப் பற்றித்தான் பேரம்.

சில ஆண்டுகளாக மூன்றாவதாக ஒரு அட்டவணையும் சேர்ந்திருக்கிறது. எந்தப் பேட்டைக்கு எந்த மணிக்கு மின்சாரம் என்பது. சரோஜா அதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள். அட்டவணைப்படி மின்சாரம் வந்தால் அன்று வீட்டில் பாயசம் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு. இதுவரை பாயசம் வைக்கவில்லை.

மூன்றையும் ஒப்பிட்டு, நான் வந்து சேர்ந்த நாளுக்கு இரண்டு நாள் தள்ளி ஒரு வியாழக்கிழமையைக் குறித்தேன். ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் ஆனால்தான் மாட்டுக்குப் பாதுகாப்பு வரும். மாதக் கடைசியில் மழை இறங்கும். கணக்கு சரியாக இருந்தது.

மருந்து வாங்குவது தனி யாத்திரை. அலுவலகத்தில் மாடு யாருடையது என்று கேட்டார்கள். மச்சானுடையது என்றேன். அப்படியானால் நீங்கள் யார்? மச்சானின் தங்கை கணவர். எந்த நாடு? சொன்னேன். வெளிநாட்டுக்காரருக்கு மருந்து தர முடியாது. மருந்து எனக்கல்ல, மாட்டுக்கு. மாடு எந்த நாடு என்று கேட்காததுதான் பாக்கி. மச்சானை அழைத்துக்கொண்டு மறுநாள் போனேன். மூன்றாவது நாள் அவருடைய பர்மியப் பெயரில் மருந்து கிடைத்தது. அவருக்கு இரண்டு பெயர் என்பதையே அப்போதுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

இந்த அளவுக்காவது பர்மிய மொழி பேச எனக்கு வருகிறது. முதல் ஆண்டில் சளிப் பிடித்து மருந்துக் கடைக்குப் போய் "எனக்கு மூக்கடைப்பு" என்று சொல்ல நினைத்து, "எனக்கு மாடு அடைத்திருக்கிறது" என்று சொன்னவன் நான். பர்மியத்தில் மூக்குக்கும் மாட்டுக்கும் அவ்வளவு குறைந்த வேறுபாடு. கடைக்காரப் பெண் சிரிக்காமல் எத்தனை மாடு என்று கேட்டாள்.

3

என் அப்பா மணப்பாறையில் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர். சந்தைக்கு வரும் மாடுகளுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். மருந்தகத்தில் பினாயில் வாடை, ஊசி கொதிக்கும் ஸ்டெரிலைசரின் தகர மூடி தாளம் போடும் ஓசை, சந்தைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றபடியே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது, எல்லாம் இப்போதும் நினைவில் வருகின்றன. பெரும்பாலும் பேருந்தில் தன்லியின் பாலத்தைக் கடக்கும்போது வருகின்றன. ஏன் பாலத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. ஆற்றுக் காற்றில் வெயிலும் சாணமும் கலந்த வாசனை இருப்பதாலோ என்னவோ.

தடுப்பூசி மருந்து திருச்சியிலிருந்து பேருந்தில் வரும். அப்பா பெரிய வாய் ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவார். சோடாக் கடையில் ஐஸ் வாங்கி உடைத்துப் போடுவார். குப்பிகளை முதலில் செய்தித்தாளில் சுற்றித்தான் ஐஸுக்கு மேல் வைப்பார். ஐஸைத் தொட்டால் உறைந்துவிடும், உறைந்தால் செத்துவிடும் என்பார். வீட்டுக்கு வரும்போது எங்களுக்கும் மிச்ச ஐஸில் ஒரு துண்டு கிடைக்கும். அதில் மருந்துக் குப்பியின் லேபிள் பசை வாடை அடிக்கும். உலகத்திலேயே நல்ல ஐஸ் அதுதான் என்று நானும் என் தங்கையும் நினைத்திருந்தோம்.

யாங்கோனில் ஐஸுக்கு வேறு பொருள். மின்சாரம் வந்ததும் எல்லா வீடுகளிலும் முதல் வேலையாகத் தண்ணீர்ப் புட்டிகளை உறைபெட்டியில் அடுக்குவார்கள். மின்சாரம் போன பிறகு அந்தக் கட்டிகள்தான் மீனையும் பாலையும் காப்பாற்றும். இங்கே பிறந்த பிள்ளைகள் மின்சாரத்தை ஐஸாகச் சேமித்து வைக்கக் கற்றுக்கொண்டவர்கள்.

என் மகள் மலர் அப்படிப் பிறந்தவள். பள்ளியிலும் வேலையிலும் அவள் பெயர் மா சூ. தமிழ் முழுதாகப் புரியும். பேசும்போது பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவாள். லத்தாப் பேட்டையில் ஒரு ஐஸ்கிரீம் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். மாலையில் ஜப்பானிய மொழி வகுப்பு. அவள் வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவளும் போவாள். மொழித் தேர்வு எழுதியாகிவிட்டது. ஊரிலிருந்து நான் கிளம்பியபோது அப்பா என்னை நிறுத்தவில்லை. ஆகவே எனக்கும் வாய் திறக்க உரிமை இல்லை.

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியை நம்ப முடியாது. மலரின் கடையில் ஜெனரேட்டர் உண்டு. "வியாழக்கிழமை வரைக்கும் ஃப்ரிட்ஜில் வைம்மா" என்று மருந்துக் குப்பிகளைக் கொடுத்தேன். ஒன்றை மட்டும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வீட்டு மண்பானைத் தண்ணீருக்குள் நெகிழிப் பையில் கட்டி இறக்கி வைத்தேன்.

"மாட்டு மருந்த வச்சிருக்கேன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா என்ன வேலைய விட்டு அனுப்பிருவாரு, அப்பா."

"அனுப்பினா ஜப்பானுக்குச் சீக்கிரம் போகலாம்ல?"

"ஐயோ, ஜோக்கு!" என்று சொல்லிக்கொண்டே குப்பிகளைத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். கொட்டகை விஷயத்தில் அவள் கைகொடுத்தது அதுவே முதல் தடவை.

4

வியாழக்கிழமை விடிந்ததும் தன்லியின் போய்விட்டேன். மூங்கிலை இரண்டு வரிசையாக நட்டு, ஒரு மாடு மட்டும் நுழையும் சந்து கட்டியிருந்தார்கள். கோ தான் முதல் காளையைச் சந்துக்குள் விட்டு முன்னாலும் பின்னாலும் கழி போட்டுவிட்டு, லொங்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மச்சான் தேங்காய் உடைத்துவிட்டார். மலர் பேருந்தில் வந்து இறங்கினாள். கையில் ஐஸ்கிரீம் கடையின் தெர்மாகோல் நுரைப்பெட்டி.

குப்பியை எடுத்துக் குலுக்கினேன். குலுக்கியதும் மருந்து பால்போல் கலங்கி அப்படியே நிற்க வேண்டும். இது பால் திரிந்ததுபோல் துகள் துகளாகக் கலங்கியது. என் பையிலிருந்த, பானையில் வைத்த குப்பியையும் குலுக்கி இரண்டையும் அருகருகே பலகைமேல் வைத்தேன். என்னுடையது கலங்கலாகவே நின்றது. அவள் கொண்டுவந்ததில் கொஞ்ச நேரத்தில் வண்டல் அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அடுத்த குப்பியும் அப்படி. அதற்கடுத்ததும்.

"மலர், இது எங்கே இருந்துச்சு?"

"ஃப்ரிட்ஜுலதான். செவ்வாக்கெழம ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. ரொம்ப நேரம் மீ பியாட்டு, கரண்டு போச்சு. அதான் எடுத்து ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள வச்சேன். அது கரண்டு இல்லன்னாலும் நாள் பூரா குளிரா இருக்கும்."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். நாங்கள் குப்பிகளையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "என்ன?" என்றாள்.

"உறைஞ்சிருச்சும்மா. உறைஞ்சா மருந்துல சத்து போயிரும்."

மச்சான் குப்பியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். "உருகிருச்சே மாப்ளே. நல்லாக் குலுக்குனா கலந்துரும். போடுங்க."

"போட்டா ஊசி குத்துன வலி மட்டும்தான் மாட்டுக்கு மிச்சம், மச்சான்."

"பாதியாச்சும் வேலை செய்யாதா? போன வருஷம் ஒண்ணுமே போடல. இந்த வருஷம் பாதி போட்டதா இருக்கட்டும்."

"போட்டாச்சுன்னு நினைச்சுக்கிட்டு நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க. போன வருஷமும் போட்டாச்சுன்னு நம்பித்தானே போச்சு?"

அவர் முகம் கறுத்தது. மலரிடம் திரும்பி, "ஏண்டி, மாட்டுக்கு ஐஸ்கிரீமா கேட்டோம்? படிச்ச புள்ளைக்கு அப்பன்கிட்ட ஒரு போன் போட்டுக் கேக்கத் தெரியாதா?" என்று கத்தினார். பிறகு பர்மியத்தில் தொடர்ந்தார். கோபம் வந்தால் அவருக்கு அந்த மொழிதான் வரும். மலர் உதட்டைக் கடித்துக்கொண்டு நுரைப்பெட்டியின் மூடியைச் சரியாகப் பொருத்தப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் மூடியிருந்தது.

அந்த ஒரு நல்ல குப்பியை வைத்துச் சந்தில் நின்ற காளைக்கும் அடுத்த சிலவற்றுக்கும் போட்டேன். கழுத்துத் தோலை மடக்கிப் பிடித்து, ஊசியைத் தோலுக்கடியில் செலுத்தினேன். மருந்து தீர்ந்தது. இருபதுக்கு மேல் பாக்கி நின்றன. கோ தான் சந்தின் கழிகளை உருவினார்.

5

மீண்டும் அலுவலகம். போன வாரம்தானே வாங்கினீர்கள் என்றார்கள். கெட்டுவிட்டது என்றால் ஏன் கெட்டது என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் மேலிடம் பார்க்க வேண்டும். மேலிடம் ஊரில் இல்லை. இந்த முறை நான் அலையவில்லை. மலர் கடைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மாமாவை அழைத்துப் போனாள். பர்மியத்தை இங்கே பிறந்தவள்போல் பேசுவாள், இங்கே பிறந்தவள்தானே. நான் மூன்று நாள் நின்றிருக்கக்கூடிய இடத்தில் அவள் ஒரு காலையில் கையெழுத்து வாங்கிவிட்டாள். ஆனால் மருந்து கிடங்கிலிருந்து வர நாளாயிற்று. கைக்கு வந்தபோது கசோன் மாதப் பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை.

வானம் கறுத்திருந்தது. மருந்தைச் செய்தித்தாளில் சுற்றி, ஐஸ் தொடாமல் பெட்டியில் வைத்து, வெப்பமானியையும் உள்ளே போட்டு, மலர் பெட்டியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். மறுநாளே போட்டுவிட வேண்டும் என்றாள். மச்சானிடம் போனில் சொன்னேன்.

"பௌர்ணமியா?" என்றார். நாட்காட்டித் தாள் புரளும் ஓசை கேட்டது. "சரி. மழ நாளு பாத்தா வருது?"

கோ தான் அப்படி ஒப்புக்கொள்பவரல்ல. கசோன் பௌர்ணமி போதி மரத்துக்கு நீர் ஊற்றும் நாள். காலையில் குடம் தூக்கிய பெண்கள் கொட்டகையைத் தாண்டி விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு எட்டு சீல நோன்பு எடுத்திருந்தார்.

"சயா, இன்றைக்கு நான் ஓர் உயிருக்கு வலி கொடுக்க மாட்டேன்" என்றார் என்னிடம் பர்மியத்தில். என்னை அவர் சயா, அதாவது வாத்தியார், என்றுதான் அழைப்பார்.

மலர் அவரிடம் பர்மியத்தில் சொன்னாள்: "நீங்கள் கொடுக்க வேண்டாம், மாமா. கயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். வலியை அப்பா கொடுப்பார். அவருடைய சாமிக் கணக்கு வேறு, நமக்குத் தெரியாது."

அந்த 'நமக்கு' என் காதில் விழுந்தது. கோ தான் சிரித்துவிட்டார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மூங்கிலில் மாட்டினார். "பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் நான் சாப்பிடக் கூடாது. பட்டினி போட்ட பாவமும் சயாவுக்குச் சேரும்."

மலர் என் காய்ச்சல் வெப்பமானியை வைத்து ஒவ்வொரு மாட்டுக்கும் முதலில் காய்ச்சல் பார்த்தாள். காய்ச்சல் அடிக்கும் மாட்டுக்கு ஊசி போடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தன. அவள் தலையசைத்த பிறகு நான் போட்டேன். எங்கள் மூவருக்கும் நடுவில் அன்று பேச்சே தேவைப்படவில்லை. அப்பாவின் மருந்தகத்தில் வேலை இப்படித்தான் ஓடும். கை நீட்டினால் ஊசி வரும். பல ஆண்டுகளாக எனக்கு வராத அந்த ஓட்டம் அன்று காலை வந்தது. சந்தையின் சலங்கைச் சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. கடைசி மாட்டை வெளியே விட்டபோது கோ தானுக்குச் சோறு தின்ன நேரம் இருந்தது.

பாதுகாப்பு வர இரண்டு வாரமாவது ஆக வேண்டும். நான்காம் நாளே மழை இறங்கிவிட்டது.

6

அதன் பிறகு எங்களால் செய்ய முடிந்ததெல்லாம் கொட்டகையை உலர்வாக வைப்பதும் பார்த்துக்கொண்டிருப்பதும்தான். மலர் தினமும் கடைக்குப் போகுமுன் மாமாவுக்குப் போன் செய்தாள். எத்தனை மாடு தீனி தின்றன, எது பின்வாங்கி நிற்கிறது என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரிலேயே போனாள். ஜப்பானிய மொழிப் புத்தகம் பையில் இருந்தது. அவள் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது மழை தொடங்கி ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது. கொட்டகை நிற்கிறது. அடுத்த லாரிக்கு மச்சான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஒரு மாடு மட்டும் போயிற்று. கொம்பு சற்று உள்வாங்கிய மயிலைக் காளை. மழை தொடங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சு இரைய நின்றது. தனியே பிரித்துக் கட்டி, கையிலிருந்த மருந்தையெல்லாம் போட்டேன். மாலையில் விழுந்துவிட்டது. பௌர்ணமியன்று ஊசி போட்ட மாடுகளில் ஒன்று. முதல் வியாழக்கிழமை போட்டவற்றில் ஒன்றுக்கும் எதுவும் ஆகவில்லை.

கோ தானும் மச்சானும் வேலியோரத்தில் குழி தோண்டினார்கள். சுண்ணாம்பு கொட்டி மூடிய பிறகு, மலர் மழையில் நனைந்தபடி கேட்டாள்.

"அப்பா, நா கொண்டாந்த மொத மருந்து நல்லா இருந்திருந்தா இது இருந்திருக்கும்ல?"

தேதிகளை நான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வாய் திறந்தேன். அதற்குள் மச்சான் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"அது லாரிய விட்டு எறங்கும்போதே இருமிக்கிட்டுத்தான் எறங்குச்சு. ஒங்கப்பாவுக்குத் தெரியும்."

அந்தக் காளை இருமவில்லை. இறங்கிய அன்று நான் அங்கேயே இருந்தேன். பௌர்ணமியன்று அதன் மூச்சு எப்படி இருந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. கோ தானுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். அவர் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"ஆமா. இருமிக்கிட்டுத்தான் வந்துச்சு" என்றேன்.

மலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு வெப்பமானியை லொங்ஜி நுனியில் துடைத்துக்கொண்டு, மற்ற மாடுகள் நின்ற கொட்டகைக்குள் போனாள்.